ஃபினெகன்ஸ் வேக் புதினத்தின் புனைசொற்கள்

ஃபினெகன்ஸ் வேக் புதினத்தின் புனைசொற்கள் என்பவை, அயர்லாந்து எழுத்தாளரான ஜேம்ஸ் ஜாய்ஸ் (1882–1941) தமது கடைசிப் புதினமான ஃபினெகன்ஸ் வேக்கில் உருவாக்கிப் பயன்படுத்திய சொற்கள் ஆகும். 1939 ஆம் ஆண்டு மே 4 ஆம் நாள் வெளிவந்த இந்நூல், ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டு, பல பத்து மொழிகளின் சொற்களையும் வேர்களையும் கலந்து எழுதப்பட்டது. அகராதிகளில் காணப்படாத இச்சொற்களில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று அல்லது அதற்கும் மேற்பட்ட பொருள்களைத் தருகின்றன. அப்பொருள்கள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு.

இச்சொற்களை ஒரு பொருளை மறைத்து வைத்த விடுகதைகளாகக் கொள்ளலாமா, அல்லது பல பொருள்களும் ஒருங்கே நிற்பதே அவற்றின் நோக்கமா என்பது இந்நூலைப் பற்றிய ஆய்வில் முதன்மையான கேள்வியாக இருந்து வருகிறது. ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் உண்மையில் உள்ளன, வாசகர் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் இதனுடன் தொடர்புடைய சிக்கலாகும்.

பின்னணி

ஜாய்ஸ் 1922 இல் யுலிசீஸ் என்னும் புதினத்தை வெளியிட்டார். அது டப்ளின் நகரில் ஒரே நாளில் நிகழ்வதாக அமைந்த கதையாகும். அடுத்த நூல் இரவைப் பற்றியதாக இருக்க வேண்டும் என அவர் கருதினார். 1923 மார்ச்சில் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 16 ஆண்டுகள் அதில் ஈடுபட்டார். இக்காலத்தில் அவர் பெரும்பாலும் பாரிஸ் நகரில் வாழ்ந்தார். கண் நோயினால் பல முறை அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அவருடைய மகளின் மனநோயும் இவ்வாண்டுகளில் குடும்பத்தைப் பெரிதும் பாதித்தது.

நூலின் பகுதிகள் 1924 முதல் இதழ்களில் வெளிவந்தன. 1927 முதல் பாரிஸில் யூஜீன் ஜோலாஸ் நடத்திய டிரான்சிசன் இதழில் தொடர்ந்து இடம்பெற்றன. அப்போது நூலுக்கு "நடைபெற்றுவரும் பணி" என்னும் பொருள்படும் தற்காலிகப் பெயரே வழங்கியது. உண்மையான தலைப்பை ஜாய்ஸ் மறைத்தே வைத்திருந்தார். 1938 இல் ஜோலாஸ் அதனைச் சரியாக ஊகித்தார்.

நூல் 4 பாகங்களும் 17 இயல்களும் கொண்டது. பெரும்பாலான பதிப்புகளில் ஒரே பக்க அமைப்பே பின்பற்றப்பட்டு, உரை 628 ஆம் பக்கத்தில் முடிகிறது. இதனால் ஆய்வாளர்கள் எந்தவொரு சொல்லையும் பக்க எண், வரி எண் கொண்டு சுட்டுவது வழக்கமாகும்.

தலைப்பின் பொருள்கள்

நூலின் தலைப்பு ஐரிய-அமெரிக்க நகைச்சுவைப் பாடல் ஒன்றின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. அப்பாடலில் டிம் ஃபினெகன் என்னும் கட்டடத் தொழிலாளி ஏணியிலிருந்து விழுந்து இறக்கிறான். அவனது உடலருகே உறவினரும் நண்பரும் விழித்திருக்கும்போது கைகலப்பு ஏற்படுகிறது. விஸ்கி அவன்மேல் சிந்த, அவன் உயிர்பெற்று எழுகிறான். விஸ்கி என்னும் சொல், "உயிர்நீர்" எனப் பொருள்படும் ஐரிய மொழித் தொடரிலிருந்து வந்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

"வேக்" என்னும் ஆங்கிலச் சொல், இறந்தவரின் உடலருகே இரவில் விழித்திருக்கும் சடங்கைக் குறிக்கும். உறக்கத்திலிருந்து எழுவதையும் அதுவே குறிக்கும். "ஃபினெகன்" என்பதில் "முடிவு" எனப் பொருள்படும் "ஃபின்" என்னும் பிரெஞ்சுச் சொல்லும், "மீண்டும்" எனப் பொருள்படும் "அகெய்ன்" என்னும் ஆங்கிலச் சொல்லின் ஒலியும் கேட்கின்றன. ஐரியத் தொன்மக் கதைகளின் வீரனான ஃபின் மக்கூல் மீண்டும் வருகிறான் என்றும் அதனைப் பிரிக்கலாம்.

பாடலின் தலைப்பில் உடைமையைக் காட்டும் மேற்குறி உண்டு. ஜாய்ஸ் அதனை நீக்கிவிட்டார். இதனால் "ஃபினெகனின் இழவு" என்பதோடு "ஃபினெகன்கள் எழுகிறார்கள்" அல்லது "ஃபினெகன்களே, எழுங்கள்" என்னும் பொருள்களும் கிடைக்கின்றன. சாவு, உயிர்த்தெழுதல், முடிவு, மறுதொடக்கம் ஆகிய நூலின் கருப்பொருள்கள் யாவும் இரு சொற்களுள் அடங்கியுள்ளன.

சொல்லாக்க முறைகள்

இந்நூலின் புனைசொற்கள் பல வழிகளில் உருவாக்கப்பட்டுள்ளன. முதன்மையான சில முறைகள் வருமாறு:

- கலப்புச் சொற்கள்: இரண்டு சொற்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி ஒரே சொல்லாக்குதல். "கேயாஸ்" (ஒழுங்கின்மை), "காஸ்மாஸ்" (ஒழுங்கமைந்த பேரண்டம்) ஆகிய இரண்டும் சேர்ந்து "கேயாஸ்மாஸ்" ஆகியுள்ளது.
- எழுத்து மாற்றம்: ஓரிரு எழுத்துகளை மாற்றியோ இடம் பெயர்த்தோ வேறு சொல்லை நினைவூட்டுதல். பிணத்தைக் குறிக்கும் "கோர்ப்ஸ்" என்னும் சொல் "குரோப்ஸ்" ஆவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.
- ஒலிப் பிரிப்பு: ஒரு சொல்லின் ஒலியைத் தொடராகக் கேட்கச் செய்தல். பல்வண்ணக் கண்ணாடிக் குழலைக் குறிக்கும் "கெலைடாஸ்கோப்" என்னும் சொல், "மோதுதல் அல்லது தப்புதல்" எனப் பொருள்தரும் ஆங்கிலத் தொடராக மாறி "கொலைட்-ஆர்-ஸ்கேப்" என ஒரே சொல்லாக எழுதப்பட்டுள்ளது.
- பன்மொழிக் கலப்பு: ஆங்கிலச் சொல் போன்ற தோற்றத்தின் உள்ளே பிறமொழிச் சொல்லை வைத்தல். முதற்பக்கத்தில் வரும் "பாஸன்கோர்" என்பதில் "இன்னும் இல்லை" எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் உள்ளது.
- முதலெழுத்து அமைப்பு: கதைமாந்தரின் பெயர் முதலெழுத்துகளை வேறு சொற்களின் தொடக்கத்தில் வைத்து அவர்களின் இருப்பை உணர்த்துதல்.

கலப்புச் சொற்கள் ஜாய்ஸுக்கு முன்பே ஆங்கில இலக்கியத்தில் உண்டு. லூயிஸ் கரோல் 1871 இல் வெளியிட்ட ஆலிஸ் கதையின் இரண்டாம் நூலில், முட்டை வடிவப் பாத்திரமான ஹம்ப்டி டம்ப்டி இத்தகைய சொற்களுக்கு விளக்கம் தருகிறது. இரு அறைகள் கொண்ட பயணப் பெட்டியைப் போல ஒரே சொல்லில் இரண்டு பொருள்கள் அடைக்கப்பட்டுள்ளன என்பது அவ்விளக்கமாகும். பெட்டியைத் திறந்து இரு பொருள்களையும் வெளியே எடுத்துவிட்டால் கரோலின் சொல் தீர்ந்துவிடும். ஜாய்ஸின் சொற்களில் மூன்றாவது, நான்காவது பொருள்களும் இருப்பதோடு, அவை நூலின் பிற இடங்களில் உள்ள சொற்களோடும் தொடர்பு கொண்டுள்ளன.

சில சொற்களும் அவற்றின் பொருள் அடுக்குகளும்

ரிவர்ரன்

இது நூலின் முதற்சொல்லாகும். ஆங்கிலத்தில் "ஆறு", "ஓட்டம்" ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் இதில் இணைந்துள்ளன. கனவைக் குறிக்கும் "ரெவ்" என்னும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியும், கடிதத்தில் சமயகுருவை விளிக்கும் "ரெவரெண்ட்" என்னும் சொல்லின் ஒலியும் இதில் உள்ளதாக உரையாளர்கள் சுட்டுவர். நூலினுள் ஒரு கடிதம் மீண்டும் மீண்டும் பேசப்படுவதால் பின்னதும் பொருத்தமுடையதே.

வாக்கியத்தின் முதற்சொல்லுக்கு உரிய பெரிய எழுத்து இதற்கு இல்லை. ஏனெனில் இது ஒரு வாக்கியத்தின் நடுப்பகுதியாகும். நூலின் கடைசி வாக்கியம் ஆங்கிலச் சுட்டிடைச் சொல்லான "த" என்பதோடு முற்றுப்புள்ளியின்றி நின்றுவிடுகிறது. அதன் தொடர்ச்சியே முதற்பக்கத்தின் தொடக்கம் எனக் கொண்டால், ஆறு கடலில் கலந்து மழையாகி மீண்டும் ஆறாவது போல நூலும் வட்டமாகச் சுழல்கிறது.

குரோப்ஸ்

பிணத்தைக் குறிக்கும் சொல்லில் எழுத்துகள் இடம் மாறியதால் "விளைச்சல்" எனப் பொருள்படும் சொல் அதில் தோன்றுகிறது. புதைக்கப்பட்ட உடல் விதையாகி முளைக்கும் என்னும் பழைய நம்பிக்கை இதனால் ஒரே சொல்லில் கூறப்படுகிறது. இச்சொல் வரும் இடத்தில் விதையும் தந்தையும் இணைந்த மற்றொரு புனைசொல்லும் அருகிலேயே உள்ளது. எனவே இவ்விரு பொருள்களும் தற்செயலானவை அல்ல என்பது தெளிவு.

ஈமச் சடங்கைக் குறிக்கும் "ஃபியூனரல்" என்னும் சொல் "ஃபன்-ஃபர்-ஆல்" என ஒலிக்கும்படி மாற்றப்பட்டிருப்பதும் இதே வகையினதாகும். "எல்லோருக்கும் கேளிக்கை" என்னும் பொருள் துக்க வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. டிம் ஃபினெகனின் இழவு வீட்டில் நடந்ததும் அதுவே.

பீனிஷ்

முடிவு எனப் பொருள்படும் "ஃபினிஷ்" என்னும் ஆங்கிலச் சொல், சாம்பலிலிருந்து மீண்டெழும் பீனிக்ஸ் பறவையின் எழுத்துக்கூட்டலை ஏற்று வருகிறது. முடிவு என்று சொல்லும்போதே மீட்சியும் சொல்லப்பட்டுவிடுகிறது. டப்ளின் நகரின் பெரிய பூங்காவான பீனிக்ஸ் பூங்காவும் இதில் அடங்கும். நாயகன் செய்ததாகக் கூறப்படும் தவறு அப்பூங்காவிலேயே நிகழ்கிறது. அப்பூங்காவின் பெயருக்கும் பறவைக்கும் முதலில் தொடர்பில்லை. "தெளிந்த நீர்" எனப் பொருள்படும் ஐரிய மொழித் தொடரின் திரிபே "பீனிக்ஸ்" ஆனது. ஆகவே பறவையின் நெருப்பும் ஊற்றின் நீரும் ஒரே சொல்லில் சேர்கின்றன.

இயர்விக்கர்

நாயகனின் முழுப்பெயர் ஹம்ஃப்ரி சிம்ப்டன் இயர்விக்கர் ஆகும். இவர் டப்ளினை அடுத்த சேப்பலிசாட்டில் மதுக்கடை நடத்துபவர். "இயர்விக்" என்பது பின்முனையில் இடுக்கி போன்ற உறுப்பைக் கொண்ட ஒரு சிறு பூச்சியின் ஆங்கிலப் பெயர். அப்பூச்சி உறங்குபவர் காதுக்குள் புகுந்துவிடும் என்பது ஐரோப்பிய நாட்டுப்புற நம்பிக்கை. பிரெஞ்சு மொழியில் இப்பூச்சிக்குக் "காது துளைப்பான்" எனப் பொருள்படும் "பெர்ஸ்-ஒரெய்" என்று பெயர். இது ஐரியப் பெயர் போன்ற "பெர்ஸ் ஓ'ரெய்லி" என்பதாக மாற்றப்பட்டு, நாயகனைப் பழித்துப் பாடப்படும் தெருப்பாடலின் தலைப்பாகிறது.

நாயகன் உண்மையில் என்ன செய்தார் என்பது நூலில் எங்கும் தெளிவாக்கப்படவில்லை. அவரைப் பற்றிய வதந்தி மட்டும் காதிலிருந்து காதுக்குப் பரவி, கடைசியில் அவரை அழிக்கிறது. காதில் புகும் பூச்சியின் பெயரை அவர் சுமந்திருப்பது இதனோடு பொருந்துகிறது. 1916 ஈஸ்டர் எழுச்சியில் உயிரிழந்த பேட்ரிக் பியர்ஸ், ஓ'ரஹிலி ஆகிய இருவரின் பெயர்களும் பாடலின் தலைப்பில் ஒலிப்பதாகச் சில உரையாளர்கள் கூறுவர்.

அன்னா லிவியா புளூரபெல்

இது நாயகியின் பெயராகும். டப்ளின் வழியே ஓடும் லிஃபி ஆறு "அன்னா லிஃபி" என்றும் வழங்கப்படுகிறது. இதில் "அன்னா" என்பது ஆற்றைக் குறிக்கும் ஐரியச் சொல்லின் திரிபு. "லிவியா" என்பதில் ஆற்றின் பெயரோடு, ஜாய்ஸின் நண்பரான இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ ஸ்வேவோவின் மனைவி லிவியாவின் பெயரும் உள்ளது. "புளூரபெல்" என்பது பன்மையையும் அழகையும் குறிக்கும் சொற்களின் சேர்க்கை. இரு சலவைப் பெண்கள் ஆற்றின் இரு கரைகளில் நின்று இவளைப் பற்றி ஊர்வம்பு பேசுவதாக அமைந்த இயலில், உலக ஆறுகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் சாதாரணச் சொற்களுக்குள் மறைக்கப்பட்டுள்ளன.

சான்ஸ்கிரீட், சந்தியாஸ்

சமசுகிருத மொழியின் பெயர் "சான்ஸ்கிரீட்" என மாற்றப்பட்டுள்ளது. "சான்ஸ்" என்றால் பிரெஞ்சில் "இல்லாமல்". "கிரீட்" என்றால் ஆங்கிலத்தில் "சமயக் கோட்பாடு". ஒரு சமயத்தின் புனித மொழி, சமயம் அற்றது என்னும் பொருளையும் தாங்கி நிற்கிறது. இதனை அடுத்து வரும் "எரியன்" என்னும் சொல்லில் "ஆரியன்" என்பதோடு அயர்லாந்தின் பழம்பெயரான "எரின்" என்பதும் கேட்கிறது.

நூலின் நான்காம் பாகம் "சந்தியாஸ்" என்னும் சொல் மும்முறை அடுக்கி வரத் தொடங்குகிறது. இரவும் பகலும் கூடும் பொழுதைக் குறிக்கும் "சந்தியா" என்னும் சமசுகிருதச் சொல்லும், கத்தோலிக்கத் திருப்பலியில் மும்முறை ஓதப்படும் "சாங்துஸ்" என்னும் இலத்தீன் சொல்லும் இதில் இணைகின்றன. விடியலைப் பற்றிய பாகத்திற்கு இது பொருத்தமான தொடக்கமாகும்.

இடிச் சொற்கள்

நூலில் பத்து இடங்களில் மிக நீண்ட சொற்கள் வருகின்றன. முதல் ஒன்பது சொற்கள் ஒவ்வொன்றும் 100 எழுத்துகளும், பத்தாவது 101 எழுத்துகளும் கொண்டவை. மொத்தம் 1001 எழுத்துகள் என்பது ஆயிரத்தோர் இரவுகள் கதைத்தொகுப்பை நினைவூட்டுகிறது.

முதல் இடிச் சொல் நூலின் முதற்பக்கத்திலேயே உள்ளது. ஜப்பானியம், கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியம், போர்த்துகேயம், சுவீடியம், டேனியம், ஐரியம் முதலிய மொழிகளில் இடியைக் குறிக்கும் சொற்கள் இதில் கோக்கப்பட்டுள்ளன. சொல்லின் தொடக்கம் திக்கிப் பேசுவது போல அமைந்து, மொழிகள் குழம்பிய விவிலியக் கதையின் பாபேல் கோபுரத்தையும் நினைவூட்டுகிறது.

பொருள் அடுக்குகளின் நோக்கம்

இத்தாலிய மெய்யியலாளர் ஜாம்பாத்திஸ்தா விக்கோ (1668–1744) மனித வரலாறு தெய்வங்களின் காலம், வீரர்களின் காலம், மக்களின் காலம் என மூன்று நிலைகளைக் கடந்து மீண்டும் தொடக்கத்துக்கே திரும்புவதாகக் கூறினார். இடியோசை கேட்டு அஞ்சிய தொல்மனிதர் குகைகளில் ஒதுங்கியபோதே சமயமும் குடும்பமும் தோன்றின என்பதும் அவருடைய கருத்து. ஜாய்ஸ் தமது நூலின் நான்கு பாகங்களுக்கும் இக்கொள்கையைச் சட்டகமாகக் கொண்டார்.

வரலாறு திரும்பத் திரும்ப நிகழ்வதாயின், ஒருவரின் வீழ்ச்சி எல்லோருடைய வீழ்ச்சியும் ஆகும். ஏணியிலிருந்து விழுந்த சித்தாள், ஏதேனில் வீழ்ந்த ஆதாம், சுவரிலிருந்து விழுந்த ஹம்ப்டி டம்ப்டி, பெயர் கெட்ட மதுக்கடைக்காரர் ஆகியோர் இந்நூலில் ஒருவரே. இவர்களைத் தனித்தனியே சொன்னால் ஒப்புமை மட்டுமே கிடைக்கும். ஒரே சொல்லில் சொன்னால் அவர்கள் ஒன்றாகிவிடுகின்றனர். புனைசொல்லின் பணி இதுவேயாகும்.

கனவின் இயல்பும் இதற்கு மற்றொரு காரணமாகக் கூறப்படுகிறது. கனவில் ஓர் ஆள் ஒரே நேரத்தில் வேறு ஓர் ஆளாகவும் இருப்பதுண்டு. விழித்திருப்போரின் மொழியில் அதனை விளக்கலாம். ஆனால் நிகழ்த்திக் காட்ட இயலாது என்பது ஜாய்ஸின் நிலைப்பாடாக இருந்தது. 1929 இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பு ஒன்றில் இளம் எழுத்தாளரான சாமுவேல் பெக்கெட், இந்நூலில் வடிவமும் பொருளும் வேறல்ல என வாதிட்டார்.

பொருள் காணும் முறைகள்

ஜாய்ஸ் தமது நூலுக்கு முழுமையான உரை எழுதவில்லை. எனினும் 1926 நவம்பரில் தமக்குப் பொருளுதவி அளித்துவந்த ஹாரியெட் ஷா வீவருக்கு எழுதிய கடிதத்தில் முதற்பக்கத்தின் சொற்கள் சிலவற்றுக்கு விளக்கம் தந்தார். அதில் ஒரே சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைக் கொடுத்துள்ளமை முதன்மையான சான்றாகும். "விரைவில்" என்னும் ஆங்கிலத் தொடரைப் போல ஒலிக்கும் "வெனிசூன்" என்னும் சொல்லில், தந்தைக்கு இறைச்சி அளித்து அண்ணனுக்குரிய ஆசியைப் பெற்ற யாக்கோபின் கதை இருப்பதாக அவரே சுட்டினார். வேட்டை இறைச்சிக்கு ஆங்கிலத்தில் "வெனிசன்" என்று பெயர்.

பிற்கால ஆய்வுகளில் ஜோசப் கேம்பெல், ஹென்றி மார்ட்டன் ராபின்சன் ஆகியோரின் வழிகாட்டி நூல் (1944), கிளைவ் ஹார்ட்டின் சொல்லடைவு (1963), ரோலண்ட் மக்ஹியூவின் குறிப்புரை (1980) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. மக்ஹியூவின் நூலில் ஒவ்வொரு பக்கமும் மூலத்தின் ஒரு பக்கத்துக்கு இணையானது. மூலத்தில் சொல் இருக்கும் இடத்திலேயே அதன் பொருள் அச்சிடப்பட்டுள்ளது.

ஒரு சொல்லில் குறிப்பிட்ட பொருள் உண்டு என நிறுவுவதற்குப் பொதுவாக நான்கு வகைச் சான்றுகள் பயன்படுகின்றன:

1. சூழல்: அப்பொருள் அவ்விடத்தில் பேசப்படும் செய்தியோடு பொருந்துதல்.
2. மீள்வருகை: அதே பொருள் அருகிலுள்ள சொற்களிலோ நூலின் பிற இடங்களிலோ மீண்டும் வருதல்.
3. ஒலி: வாய்விட்டுப் படிக்கும்போது அப்பொருள் கேட்டல்.
4. கையெழுத்துச் சான்று: ஜாய்ஸின் குறிப்பேடுகளிலோ முன்வரைவுகளிலோ அச்சொல் காணப்படுதல்.

ஜாய்ஸின் குறிப்பேடுகள் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்திலும், வரைவுகள் பிரித்தானிய நூலகத்திலும் உள்ளன. படித்த நூல்களிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் எடுத்த சொற்களை ஜாய்ஸ் குறித்துவைத்து, வரைவில் சேர்த்த பின்பு வண்ணப் பென்சிலால் அடித்துள்ளார். முதல் வரைவுகள் பெரிதும் எளிய ஆங்கிலத்தில் இருப்பதையும், அடுத்தடுத்த திருத்தங்களில் பொருள் அடுக்குகள் கூடிக்கொண்டே செல்வதையும் இவற்றால் அறியலாம்.

இச்சான்றுகளுள் எது போதுமானது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தமிழ் அறிந்த ஒருவருக்கு "அன்னா" என்னும் பெயரில் "அன்னை" என்பது கேட்கலாம். அவள் நூலின் தாய் ஆதலால் சூழலும் பொருந்தும். ஆயினும் ஜாய்ஸ் அதனைக் கருதினார் என்பதற்குக் கையெழுத்துச் சான்று காட்டாதவரை அது வாசகரின் கண்டுபிடிப்பேயன்றி நூலின் பொருள் அன்று என்பர் ஒரு சாரார். எல்லா மொழிகளையும் உள்ளே அழைக்கும் நூலில் வாசகர் கொண்டுவரும் மொழிக்கும் இடம் உண்டு என்பர் மற்றொரு சாரார். முதல் நிலைப்பாடு எதையும் எதிலும் காணும் போக்கைத் தடுக்கிறது. இரண்டாவது நிலைப்பாடு, பல நாட்டு வாசகர்களுக்கு இந்நூல் ஏன் ஈர்ப்புடையதாக உள்ளது என்பதை விளக்குகிறது. ஊடக ஆய்வாளர் மார்ஷல் மக்லூகன் 1968 இல் பத்து இடிச் சொற்களையும் மனிதத் தொழில்நுட்ப வரலாற்றின் கட்டங்களாக விளக்கியது, இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் துணிச்சலான வாசிப்பாகும்.

விமர்சனங்கள்

புனைசொற்களுக்குத் தொடக்கம் முதலே கடும் எதிர்ப்பு இருந்தது. ஜாய்ஸின் தம்பி ஸ்டானிஸ்லாஸ், முன்னர் அவரை ஆதரித்த கவிஞர் எஸ்ரா பவுண்ட் ஆகியோர் இம்முயற்சியை ஏற்கவில்லை. ஹாரியெட் வீவரும் 1927 இல் தமது அதிருப்தியைக் கடிதத்தில் தெரிவித்தார். எனினும் அவர் பொருளுதவியை நிறுத்தவில்லை. விளாடிமிர் நபோக்கவ் யுலிசீஸை மிக உயர்வாக மதித்தாலும் இந்நூலைப் புறக்கணித்தார். வாசகரின் உழைப்புக்கு ஏற்ற பயன் இல்லை, கதையும் மாந்தரும் சொல் விளையாட்டில் மூழ்கிவிடுகின்றனர் என்பவை முதன்மையான குற்றச்சாட்டுகளாகும்.

ஆதரவாளர்கள், இந்நூலைத் தனியே அமைதியாகப் படிப்பதைவிடக் கூட்டாக உரக்கப் படிக்க வேண்டும் என்பர். 1929 இல் ஜாய்ஸ் தாமே அன்னா லிவியா இயலின் கடைசிப் பக்கங்களைப் படித்து இசைத்தட்டில் பதிவு செய்தார். கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் 1995 இல் தொடங்கிய வாசிப்புக் குழு ஒன்று, 2023 இல் கடைசிப் பக்கத்தை அடைந்து, மீண்டும் முதற்பக்கத்திலிருந்து தொடங்கியது.

அச்சுப்பிழைச் சிக்கல்

சொற்கள் யாவும் வழக்கத்துக்கு மாறாக எழுதப்பட்ட நூலில் அச்சுப்பிழையை அடையாளம் காண்பது எளிதன்று. ஜாய்ஸ் தயாரித்த பிழைதிருத்தப் பட்டியல் அவர் இறந்த பின்பு 1945 இல் வெளியிடப்பட்டது. டேனிஸ் ரோஸ், ஜான் ஓ'ஹான்லன் ஆகியோர் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு 2010 இல் வெளியிட்ட பதிப்பில் ஏறத்தாழ 9,000 திருத்தங்கள் செய்யப்பட்டன. அச்சுக்கோப்பவரின் பிழை என ஒருவர் நீக்கும் எழுத்தில் மற்றொருவர் ஆழ்ந்த பொருளைக் கண்டிருக்கக் கூடும் என்பதால் இத்திருத்தங்கள் விவாதத்துக்கு உள்ளாயின.

ரிச்சர்ட் எல்மன் எழுதிய ஜாய்ஸின் வாழ்க்கை வரலாற்றில் (1959) இது தொடர்பான செய்தி ஒன்று உள்ளது. ஜாய்ஸ் சொல்லப் பெக்கெட் எழுதிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினர். உள்ளே வருமாறு ஜாய்ஸ் கூறியதையும் பெக்கெட் எழுதிவிட்டார். பின்னர் அதனை அறிந்த ஜாய்ஸ் அப்படியே இருக்கட்டும் என்றார் என்பதே அச்செய்தி.

மொழிபெயர்ப்புகள்

ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் இருக்கும்போது எதனை மொழிபெயர்ப்பது என்பது பெரும் சிக்கலாகும். அன்னா லிவியா இயலின் பகுதிகளைப் பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளில் பெயர்ப்பதில் ஜாய்ஸ் தாமே பங்கேற்றார். மூலத்தின் பொருளைக் காப்பதைவிட, அந்தந்த மொழியில் அதற்கிணையான புதிய சொல் விளையாட்டை உருவாக்குவதையே அவர் விரும்பினார்.

இதற்கு நேர்மாறான முயற்சி 1930களின் தொடக்கத்தில் சி. கே. ஆக்டனால் மேற்கொள்ளப்பட்டது. இவர் 850 சொற்களை மட்டும் கொண்ட "அடிப்படை ஆங்கிலம்" என்னும் எளிய மொழியை உருவாக்கியவர். அன்னா லிவியா இயலின் கடைசிப் பக்கங்கள் அம்மொழியில் பெயர்க்கப்பட்டபோது சலவைப் பெண்களின் உரையாடல் எளிதில் விளங்கியது. ஆனால் சொற்களுக்குள் இருந்த ஆறுகள் மறைந்துபோயின.

முழுநூலும் பிரெஞ்சு (1982), ஜெர்மன் (1993), ஜப்பானியம் (1993), டச்சு (2002), போலந்து (2012) முதலிய மொழிகளில் வெளிவந்துள்ளது. சீன மொழியில் 2012 இல் வெளியான முதற்பாகத்தின் 8,000 படிகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன.

பிற துறைகளில் தாக்கம்

இந்நூலின் சில சொற்கள் வெளியுலகிலும் வழங்குகின்றன. இயற்பியலாளர் மரீ கெல்-மான் 1964 இல் தாம் முன்மொழிந்த அடிப்படைத் துகளுக்குக் "குவார்க்" எனப் பெயரிட்டார். முதலில் அவர் மனத்தில் ஒலி மட்டுமே இருந்தது. எழுத்துக்கூட்டல் பின்னர் இந்நூலிலிருந்து கிடைத்தது. நூலில் கடற்பறவைகள் கரையும் ஒலியாக வரும் இச்சொல்லை, மதுக்கடையில் கேட்கப்படும் "குவார்ட்" என்னும் முகத்தல் அளவின் திரிபாகவும் கொள்ளலாம் எனக் கூறி, தாம் விரும்பிய பலுக்கலை அவர் நியாயப்படுத்தினார். அவ்விடத்தில் மூன்று என்னும் எண் வருவது, அணுக்கருத் துகள்களில் குவார்க்குகள் மும்மூன்றாக அமைவதோடு ஒத்துப்போனது.

தொன்மவியலாளர் ஜோசப் கேம்பெல் 1949 இல் வெளியிட்ட நூலில், உலக வீரக்கதைகளுக்குப் பொதுவான அமைப்பைக் குறிக்க "மோனோமித்" என்னும் சொல்லை இங்கிருந்தே எடுத்தார். "கேயாஸ்மாஸ்" என்பதை மெய்யியலாளர் ஜில் தெலூஸ், உம்பர்த்தோ எக்கோ ஆகியோர் பயன்படுத்தியுள்ளனர். இவ்வாறு வெளியே சென்ற சொற்கள் ஒரே பொருளில் நிலைபெற்றுவிட்டன. நூலுக்குள் அவை இன்னும் பல பொருள்களோடு உள்ளன.

சிலேடையும் புனைசொல்லும்

ஒரு சொல் அல்லது தொடர் இரு பொருள் தருவதைத் தமிழ் அணியிலக்கணம் சிலேடை அல்லது இரட்டுற மொழிதல் என்கிறது. தண்டியலங்காரம் இதனைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இரண்டாகப் பகுக்கும். முன்னதில் சொற்கள் பிரிக்கப்படாமலும் பின்னதில் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டும் பொருள் தருகின்றன.

ஜாய்ஸின் முறை பிரிமொழிச் சிலேடையோடு ஓரளவு ஒப்பிடத்தக்கது. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. சிலேடையில் வரும் சொற்கள் மொழியில் வழங்கும் சொற்களே. எழுத்தும் இலக்கணமும் சிதைவதில்லை. எப்படிப் பிரித்தாலும் ஒவ்வொரு பொருளும் முழுமையாக அமையும். ஜாய்ஸின் சொல்லோ எம்மொழியிலும் முழுமையாக அமைவதில்லை. அதன் எழுத்துச் சிதைவே ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குச் செல்லும் வழியாக உள்ளது. சிலேடையைப் பிரித்தபின் இரு செய்திகள் கிடைக்கும். "குரோப்ஸ்" என்பதைப் பிரித்தால் பிணமும் விளைச்சலும் தனித்தனியே கிடைக்கும். ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்னும் செய்தி, பிரிக்கப்படாத அச்சொல்லில் மட்டுமே உள்ளது.

இவற்றையும் பார்க்க

- ஜேம்ஸ் ஜாய்ஸ்
- யுலிசீஸ்
- லூயிஸ் கரோல்
- சாமுவேல் பெக்கெட்
- ஜாம்பாத்திஸ்தா விக்கோ
- குவார்க்
- சிலேடை அணி